எனிக்மா டூல்பாக்ஸ்: வலிப்பு நோய் ஆய்வுக்கு எவ்வளவு உதவும்?

வலிப்பு நோயாளர்களின் மூளையில் எந்தப் பகுதி சுருங்கியிருக்கிறது என்ற கேள்விக்குச் சிறிய ஆய்வுகள் நெடுங்காலம் ஒன்றுக்கொன்று முரணான விடைகளையே தந்துவந்தன. 2018இல் பல நாட்டு மூளை ஆய்வாளர்களின் எனிக்மா கூட்டமைப்பு 24 ஆய்வு மையங்களைச் சேர்ந்த 2,149 நோயாளர்கள், நோயற்ற 1,727 பேர் ஆகியோரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஒரே முறையில் அளந்து ஒப்பிட்டது. அம்முடிவுகளை எவரும் எடுத்தாளும்படி 2021இல் வெளியான இலவச மென்பொருள்தான் எனிக்மா டூல்பாக்ஸ்.

பைத்தான், மேட்லேப் என்னும் நிரல்மொழிகள் இரண்டிலும் இயங்கும் இதில் ஒரு வரிக் கட்டளையே வலிப்பு நோய்த் தரவைத் திறந்துவிடுகிறது. பெருமூளைப் புறணியின் (மூளையின் வெளியடுக்கின்) 68 பகுதிகளுக்கான தடிமன் வேறுபாடுகளும் ஆழ்பகுதிகளின் கனஅளவு வேறுபாடுகளும் இடப்பக்கப் பொட்டுமடல் (காதருகே உள்ள மூளைப்பகுதி) வலிப்பு, வலப்பக்கப் பொட்டுமடல் வலிப்பு, மூளையின் இருபக்கமும் ஈடுபடும் பொதுப்பட்ட வலிப்பு எனப் பிரிந்தே கிடைக்கின்றன. இந்த அளவுகளை மூளைப் படத்தின்மேல் வண்ணமாகக் காட்டும் படவரைவு மிக நன்று; ஆனால் வண்ண அளவுகோலைப் பயனரே கவனித்து அமைக்க வேண்டும். ஹிப்போகாம்பஸ் (நினைவோடு தொடர்புடைய ஆழ்பகுதி) தழும்புற்ற பொட்டுமடல் வலிப்பில் அப்பக்க ஹிப்போகாம்பஸின் விளைவளவு (நோயாளர்க்கும் மற்றவர்க்கும் உள்ள வேறுபாட்டின் அளவு) 1.73 முதல் 1.91 வரை செல்ல, எல்லா வகைகளிலும் காணப்படும் வலத் தாலமஸ் (மூளையின் நடுவிலுள்ள ஆழ்பகுதி) சுருக்கமோ 0.24 முதல் 0.73 வரைதான்; அளவுகோல் படத்துக்குப் படம் மாறினால் இரண்டும் ஒரே அடர்நிறமாகத் தெரியும். கருத்தரங்குகளில் இப்படிப்பட்ட படங்கள் குறைவில்லை.

பெரிய குறை இளையோர் விஷயத்தில் இருக்கிறது. மேற்சொன்ன ஒப்பீடு வயதுவந்தோரைக் கொண்டது; உடன் தரப்படும் மூளை இணைப்பு வரைபடங்களும் ஆரோக்கியமான வயதுவந்தோருடையவை. பதின்பருவத்தில் புறணி இயல்பாகவே மெலிந்துகொண்டு வருவதால், பதினைந்து வயதுடையவரின் அளவை வயதுவந்தோருக்கான இந்த முடிவுகளோடு பொருத்திப் பார்த்து நோயின் தடம் என்று சொல்ல இயலாது. ஒவ்வொருவரையும் ஒரேயொரு முறை எடுத்த படங்களாதலால், சுருக்கம் வலிப்புக்கு முந்தியதா, வலிப்பால் விளைந்ததா, மருந்தின் பங்கு என்ன என்பதையும் இவை பிரித்துக் காட்டா. குழுச் சராசரிகளே கிடைப்பதால் தனியொரு நோயாளருக்கான அறுவைச் சிகிச்சை முடிவுக்கும் இது ஏற்றதன்று.

ஆயினும் இளையோர் தரவு வைத்திருப்பவர்கள் இதை ஒதுக்க வேண்டியதில்லை. அதே வயதுடைய ஒப்பீட்டுக் குழுவைத் தாங்களே சேர்த்து, அளவுகளை அந்த 68 பகுதிகளின் வரிசையில் அடுக்கிக் கொடுத்தால், படவரைவுக் கட்டளைகள் அவற்றையும் தடையின்றி ஏற்கின்றன.