வன்தட்டு இல்லாத ஐபாட்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

ஆப்பிள் நிறுவனம் 2005 அக்டோபரில் வெளியிட்ட ஐந்தாம் தலைமுறை ஐபாடின் 30 ஜிபி மாதிரியில், வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்திச் சில ஆண்டுகளாக அன்றாடம் பாட்டு கேட்டு வருகிறேன். அழைப்பும் அறிவிப்பும் குறுக்கிடாமல், பாட்டுக்கென்றே ஒரு கருவி வேண்டும் என்பவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன்.

இவ்வகை ஐபாடுகளில் பெரும்பாலும் முதலில் பழுதாவது உள்ளே சுழலும் 1.8 அங்குல வன்தட்டுதான். பாட்டு பாதியில் நின்று, கருவிக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை திரும்பத் திரும்ப எழுந்தால், அதன் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். வன்தட்டு செருகப்பட்டிருந்த அதே ரிப்பன் கேபிளில் ஐஃபிளாஷ் போன்ற அடாப்டரை மாட்டி, அதில் எஸ்டி கார்டைச் செருகி, கணினி வழியாக ஐபாடை மீட்டமைத்தால் வேலை முடிந்தது. சாலிடரிங் எதுவும் தேவையில்லை. கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான். பிளாஸ்டிக் நெம்புகோலால் உலோகப் பின்மூடியை விடுவித்ததும் அதைச் சட்டென்று இழுத்துவிடக் கூடாது. பேட்டரியின் மெல்லிய ரிப்பன் மூடியையும் போர்டையும் இணைத்திருக்கும். அதைப் பிடித்திருக்கும் சிறு தாழ்ப்பாளை நகநுனியால் மெதுவாகத் தூக்கிய பிறகே ரிப்பனை உருவ வேண்டும்.

வன்தட்டு போனதால் கருவி இலேசாகிவிட்டது. உள்ளே கிடைத்த இடத்தில் பழையதைவிடப் பெரிய பேட்டரியும் அமர்ந்துகொண்டது. சுழலும் பாகம் இல்லாததால் மின்செலவும் குறைவு, நடக்கும்போதும் பேருந்தின் குலுக்கலிலும் அச்சமும் இல்லை. ஒலித்தரமும் உயர்ந்துவிட்டதாகச் சிலர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒலியை உருவாக்குவது போர்டிலுள்ள வொல்ப்சன் சிப். அதை நாம் தொடவே இல்லை. அது முன்பும் நன்றாக இருந்தது, இப்போதும் நன்றாக இருக்கிறது.

30 ஜிபி மாதிரியின் ரேம் 32 எம்பி மட்டுமே. ஆப்பிளின் மென்பொருள் பாடல் பட்டியலை ரேமில் ஏற்றிக்கொள்வதால், பல்லாயிரம் பாடல்களை நிரப்பினால் திணறுகிறது. பெரிய தொகுப்பு வைத்திருப்பவர்கள் 64 எம்பி ரேம் கொண்ட 60 அல்லது 80 ஜிபி மாதிரியைத் தேடலாம், அல்லது ராக்பாக்ஸ் என்ற திறமூல மென்பொருளை நிறுவலாம். ஆப்பிளின் மென்பொருள் ஏற்காத, ஒலித்தரம் குறையாமல் சுருக்கப்பட்ட ஃபிளாக் கோப்புகளையும் ராக்பாக்ஸ் இயக்கும் என்பதால் நான் அதையே விரும்புகிறேன். அதற்குக் கார்டு ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு வடிவில் இருக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் மீட்டமைத்தால் அந்த வடிவம் தானாகவே அமைந்துவிடும். பின்னர் வந்த ஐபாட் கிளாசிக் மாதிரிகளின் உலோக முகப்பைத் திறப்பது கடினம். 2009-க்கு முந்தியவற்றில் 128 ஜிபி என்ற கொள்ளளவு வரம்பும் உண்டு.

செலவைக் குறைக்கக் கூடாதது கார்டில்தான். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகள் சந்தையில் ஏராளம். தொடக்கத்தில் ஒழுங்காக ஓடி, உண்மையான அளவு நிரம்பியதும் கோப்புகளைச் சிதைத்துவிடும். பொருத்துவதற்கு முன்பே கணினியில் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துச் சரிபார்ப்பது நல்லது.

புளூடூத் கிடையாது, ஐபாடைக் கணினியோடு இணைக்கும் பழைய 30 முள் கேபிளைத் தனியாகப் பேண வேண்டும், யுஎஸ்பி 2.0 வேகத்தில் முதன்முறை பாட்டு நிரப்ப நெடுநேரம் ஆகும். இவற்றுக்கு உடன்படுபவர்கள், வன்தட்டு செத்துப்போய்த் திரையும் கிளிக் வீல் என்ற வட்டக் கட்டுப்பாட்டுப் பொத்தானும் நன்றாக இருக்கும் ஐபாடைத் தேடி வாங்கட்டும். எப்படியும் கழற்றப்போகும் பாகத்துக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.