முகாமைச் செப்பனிடுவதா, வீடு கட்டுவதா?

அமெரிக்காவில் பணி ஓய்வுக்குப் பின் 'ஆர்வி' எனப்படும் வீட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று தொண்டாற்ற விரும்புவோருக்கு உள்ள வழிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை: ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையைச் சார்ந்த 'நோமாட்ஸ்', எளிய குடும்பங்களுக்கு வீடு கட்ட உதவும் தொண்டு நிறுவனமான 'ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி'யின் 'கேர்-ஏ-வேனர்ஸ்'.

நோமாட்ஸ் குழுவினர் திருச்சபை முகாம்கள், சிறார் இல்லங்கள், சிறு தேவாலயங்கள் போன்றவற்றில் பெரும்பாலும் 3 வாரங்கள் தங்கி, வாரத்தில் 4 நாள் மட்டும் வேலை செய்கின்றனர். கோடையில் பிள்ளைகளால் நிறையும் முகாம்களுக்கு மற்ற மாதங்களே செப்பனிடும் காலம் என்பதால், கசியும் கூரை, உளுத்த படிக்கட்டு, பழைய மின்கம்பி, மங்கிய வண்ணம் என எல்லாம் அப்போதுதான் கவனம் பெறுகின்றன. ஏணி ஏற முடியாதவருக்கும் திரைச்சீலை தைப்பது, அறைகளைத் துப்புரவு செய்வது என ஏதேனும் ஒரு வேலை இருக்கும்; இந்த நெகிழ்வே இவ்வழியின் பெரும் பலம் என்பேன்.

1976இல் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் நகரில் தொடங்கிய ஹாபிடாட், கிறித்தவ வேர்கள் கொண்டதாயினும் எல்லாச் சமயத்தாரையும் ஏற்கிறது. அதன் வண்டிக் குழுவினர் வழக்கமாக 2 வாரங்கள் பணியாற்றுகின்றனர். வீட்டைப் பெறப்போகும் குடும்பமும் உடன் உழைப்பதால், யாருக்காகச் சுவர் எழுப்புகிறோம் என்பதை நேரில் காணலாம்; முகாமில் அந்த முகங்கள் பின்னரே வரும்.

இரண்டிலும் எரிபொருள் செலவு தொண்டருடையதே. முழங்கால் வலி உள்ளவர்க்கு முகாமையும், மரச்சட்டம் நிறுத்திக் கூரை போடுவதில் தெம்புள்ளவர்க்கு வீட்டையும் பரிந்துரைப்பேன்.