மார்ட்டின்களுக்கு அலுமினிய வீடா, சுரைக்குடுக்கையா?

பர்ப்பிள் மார்ட்டின் என்ற பறவையைக் கொல்லைக்கு வரவழைக்கலாம் என்று இறங்கியதும் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது. மாடி மாடியாக அறை வைத்த அலுமினிய வீட்டை வாங்குவதா, கம்பத்தின் உச்சியில் குடை விரித்தாற்போல் தொங்கும் வெள்ளைச் சுரைக்குடுக்கைகளை வாங்குவதா? ஹூஸ்டன் புறநகரில் எங்கள் கொல்லையில் நிற்பவை பிளாஸ்டிக் குடுக்கைகள். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பறவையைப் பற்றிச் சுருக்கமாக: வட அமெரிக்கத் தகைவிலான்களில் (ஸ்வாலோ) இதுதான் பெரியது. வளர்ந்த ஆண் உடல் முழுக்கக் கருநீலமாக மினுங்கும். குளிர்காலத்துக்குப் பிரேசில் பக்கம் போய்விடும். டெக்சாஸ் வளைகுடாக் கரையில் ஜனவரிக் கடைசியிலிருந்து மறுபடி தலைகாட்டும். மேற்கு மாநிலங்களில் இன்னும் மரப்பொந்திலும் சகுவாரோ கள்ளியிலும் கூடு வைக்கிறது. ராக்கி மலைக்குக் கிழக்கே வாழ்பவையோ கிட்டத்தட்ட முழுக்க மனிதர்கள் வைக்கும் கூடுகளை நம்பித்தான் இருக்கின்றன. கூடு வைப்பவர்கள் தங்களை லேண்ட்லார்ட் என்று சொல்லிக்கொள்வது சும்மா இல்லை. வாடகை வராதே தவிர, மராமத்து வேலை எல்லாம் நம் தலையில்தான்.

இடம் சரியில்லை என்றால் இரண்டில் எதை வாங்கியும் பிரயோசனமில்லை. உயரமான மரங்களிலிருந்து குறைந்தது 40 அடி தள்ளி, நம் வீட்டிலிருந்து 100 அடிக்குள், 12 அடிக்குக் குறையாத கம்பம். பைன் மரங்கள் நெருக்கியடிக்கும் கொல்லை என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். கொசுவை ஒழிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றாலும் அதே யோசனைதான். ஒரு மார்ட்டின் நாளொன்றுக்கு 2000 கொசு தின்னும் என்ற பழைய விளம்பரக் கணக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பறவை பகலில் உயரத்தில் இரை தேடுகிறது. கொசு அந்தியில் தாழப் பறக்கிறது. மார்ட்டினின் வாயில் நான் அதிகம் பார்ப்பது தட்டானைத்தான்.

அலுமினிய வீட்டுக்கு அழகு உண்டு, அதை மறுக்க முடியாது. 1960-களில் இல்லினாய் மாநிலத்துக் கிரிக்ஸ்வில் ஊரில் இவற்றைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கினார்கள். அதன்பின் அமெரிக்கக் கொல்லை என்றாலே கண்ணில் வரும் பொருட்களில் ஒன்றாகிவிட்டது. வெள்ளைச் சுவர், பச்சைக் கூரை, சுற்றிலும் கைப்பிடி வைத்த திண்ணை. குடியிருப்போர் சங்கத்தாரும் இதைப் பார்த்து அவ்வளவாக முகம் சுளிப்பதில்லை. துரு ஏறாது, வெயிலில் வெளுக்காது. விலையில் பெரிய வித்தியாசமில்லை. நல்ல கம்பத்தோடு சேர்த்தால் இரண்டுமே சில நூறு டாலர் விழுங்கும்.

சிக்கல் உள்ளே இருக்கிறது. பழைய வடிவங்களில் அறை 6 இன்ச்சுக்கு 6 இன்ச்தான். நாலைந்து குஞ்சுகள் இறக்கை முளைக்கும் பருவத்தில் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஆந்தை காலை விட்டால் எட்டும் தூரம். திண்ணையும் பொது. தெம்பான ஒரு ஆண் அங்கே உட்கார்ந்துகொண்டு பக்கத்து மூன்று நான்கு வாசலுக்கும் யாரையும் அண்டவிடாது. பன்னிரண்டு அறை வீட்டில் பாதி காலியாகக் கிடப்பதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். குஞ்சுகள் திண்ணையில் நடந்து அடுத்த வீட்டுக்குள் புகுந்து அங்குள்ள சின்னதுகளின் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. தனித்தனியாகத் தொங்கும் குடுக்கையில் இந்தத் தகராறு எதுவும் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் முடிவைத் தீர்மானித்தது வேறு: எதை வாரம் ஒருமுறை இறக்கி, திறந்து பார்த்து, ஏற்ற முடிகிறது?

ஏன் வாராவாரம்? மார்ட்டின் கூடுகளைப் பிடித்துக்கொள்ளும் சிட்டுக்குருவியும் மைனா இனத்து ஸ்டார்லிங்கும்தான் காரணம். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. குருவி 1850-களில், ஸ்டார்லிங் 1890-இல், இரண்டும் நியூயார்க்கில். சென்னையில் பலகைப் பெட்டி, மண்கலயம் எல்லாம் கட்டித் தொங்கவிட்டுச் சிட்டுக்குருவியை வருந்தி அழைக்கிறோம். இங்கே அதே குருவியின் கூட்டைப் பிய்த்துப் போடுகிற வேலை. முதல் தடவை கை கூசத்தான் செய்யும். ஆனால் ஆண் குருவி பக்கத்து அறையில் நுழைந்து மார்ட்டின் முட்டைகளைக் கொத்தி வெளியே தள்ளுவதைப் பார்த்த பிறகு அந்தக் கூச்சம் போய்விடும். 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் மார்ட்டினைக் காக்கிறது. குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்தக் காப்பு இல்லை. இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் உங்கள் மார்ட்டின் வீடு குருவி விடுதியாகிவிடும்.

அலுமினிய வீடுகள் பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் கம்பத்தோடு வருகின்றன. மழையில் ஊறிய கூடுகளின் கனத்தோடு வீட்டை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மறு கையால் முளையைப் பிடுங்கி, துண்டு துண்டாக இறக்க வேண்டும். ஏற்றும்போது திசை மாறக்கூடாது. வாசல் திரும்பியிருந்தால் பறவை தன் அறையைத் தேடித் தடுமாறும். தோள்வலிக்காரர் இதை வாராவாரம் செய்ய மாட்டார். ஏப்ரலில் செய்வார், மே மாதம் தள்ளிப்போடுவார், ஜூனில் குருவிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். கப்பியும் கயிறும் கைச்சக்கரமும் வைத்த கம்பத்தில் அலுமினிய வீடும் கிடைக்கிறது, சரிதான். அப்போது தூக்கும் கஷ்டம் தீரும், ஆனால் கதவின் கஷ்டம் அப்படியே இருக்கும். பல வீடுகளில் பறவை நுழையும் முகப்பே திறக்கும் கதவு. மார்ட்டின் வாசலை ஒட்டி மண்ணால் சின்னக் கரை கட்டும். கதவைத் திறந்தால் அந்தக் கரை பெயர்ந்து கையோடு வரும். முன்பக்கம் ஒண்டியிருக்கும் குஞ்சு விளிம்பில் வந்து நிற்கும்.

குடுக்கையில் பக்கவாட்டில் திருகுமூடி இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றினால் மொத்த அடுக்கும் நெஞ்சு உயரத்துக்கு இறங்கும். மூடியைத் திருகினால் உள்ளே வாசலுக்கு எதிர்ப்புறக் குழியில் வைக்கோலும் குச்சியும், அதன்மேல் பறவை கிள்ளி வந்து பரப்பிய பச்சை இலைகள், இலைமேல் சுத்த வெள்ளையாக முட்டைகள். முட்டையில் பழுப்புப் புள்ளி இருந்து, மேலே காய்ந்த புல்லும் இறகும் பிளாஸ்டிக் நூலும் கூரைபோல் அடைத்திருந்தால் அது குருவி. சந்தேகத்துக்கே இடமில்லை. கை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்று ஊரில் சொல்லி வளர்த்திருப்பார்கள். மார்ட்டினிடம் அது செல்லாது. நாம் வேலையை முடிக்கும்வரை தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றும், ஏற்றிவிட்டதும் உள்ளே போய்விடும். ஈப்புழு நெளியும் கூடாக இருந்தால் பழையதை எடுத்துவிட்டு மரச்சீவல் பரப்பிக் குஞ்சுகளைத் திரும்ப வைக்கலாம். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனபின் மட்டும் கை வைக்கக்கூடாது. பயந்து வெளியே குதித்துவிடும்.

ஸ்டார்லிங்குக்கு வைத்தியம், கூட்டின் நுழைவாயில் வடிவம்தான். வட்டத் துளையை விட்டுவிட்டு, 3 சென்டிமீட்டருக்குச் சற்றே உயரமான பிறைவடிவத் துளை வைத்தால் மார்ட்டின் தவழ்ந்து நுழையும், ஸ்டார்லிங்கின் மார்பு தட்டும். புது வீட்டுக்கும் குடுக்கைக்கும் இரண்டிலும் இது கிடைக்கிறது. குருவியை இது தடுக்காது, அதற்குக் கைச்சக்கரம்தான்.

குடுக்கையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கம்பியில் தொங்கும் வகை பலத்த காற்றில் ஆடோ ஆடென்று ஆடும். கம்பத்தின் கைகளோடு இறுக்கிப் பூட்டும் வகையை வாங்குங்கள். பருவம் முடிந்ததும் கழற்றி, கழுவி, அடுக்கி வைக்க காரேஜில் பாதிச் சுவர் வேண்டும். வீடு என்றால் வாசல்களை அடைத்துவிட்டு அப்படியே நிற்க விடலாம். ஆனால் எங்கள் பக்கம் ஆகஸ்டு, செப்டம்பரில் புயல் எச்சரிக்கை வந்தால், உச்சியில் எதுவும் இல்லாத வெறுங்கம்பம் எவ்வளவு நிம்மதி என்று வளைகுடாக் கரைக்காரர்களுக்குத் தெரியும். பறவைகள் அதற்குள் கிளம்பியிருக்கும்.

நிஜச் சுரைக்குடுக்கை என்று மூன்றாவது வழியும் உண்டு. இதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது: சாக்டா, சிக்கசா பழங்குடியினர் குடிசைப் பக்கத்தில் கிளை வெட்டிய மரக்கன்றில் குடுக்கைகளைத் தொங்கவிட்டதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பறவையியலாளர் அலெக்சாண்டர் வில்சன் எழுதியிருக்கிறார். நாம் கூட்டு வைக்கும் அதே சுரையினம்தான், முற்றவிட்டுக் காயவைத்தது. நான் இதைப் பக்கத்துத் தெருவில் பார்த்ததோடு சரி, வைத்துப் பராமரித்த அனுபவம் இல்லை. வெள்ளைப் பெயிண்ட் உரிய உரிய அடித்துக்கொண்டே இருப்பதைத்தான் பார்க்கிறேன். கொடி படர்த்திக் காய்க்கவைக்கும் ஆசை இருப்பவர்களுக்குப் பொருந்தும். மரவீடு வெப்பத்தை நன்றாகத் தாங்கும் என்கிறார்கள். அதன் கனத்தைத் தூக்கிப் பார்த்த எனக்கு அதற்குமேல் விசாரிக்கத் தோன்றவில்லை.

எதை வாங்கினாலும் முதல் வருஷம் பறவை வராமல் போகலாம். வயதான மார்ட்டின் பழைய இடத்துக்கே திரும்பும். புது இடத்தைத் தேடுவது போன வருஷம் பிறந்த இளசுகள், அவை பல வாரம் பிந்தித்தான் வரும். பிப்ரவரியில் யாரும் வரவில்லையென்று மார்ச்சில் மூட்டைகட்டிவிடாமல் மே வரை திறந்து வைத்திருங்கள். விடியற்காலையில் ஆண் பாடும் பாட்டின் ஒலிப்பதிவைப் போட்டுவைப்பதும் உதவும்.

அலுமினிய வீடு ஏற்கெனவே கொல்லையில் நிற்கிறதா, அதைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டிரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை வெட்டி 12 இன்ச் ஆழமாக்குங்கள். பிறைவாசல் தகடும் திண்ணைத் தடுப்பும் தனியாகவே விற்கிறார்கள். அதன்பின் காசு மிஞ்சினால் முதலில் கம்பத்தை மாற்றுங்கள், வீட்டை அப்புறம் பார்க்கலாம். கம்பத்தின் நடுவில் பாம்புத் தடுப்பும், அதன்கீழ் நெருப்பெறும்பு ஏறாதபடி ஒரு பட்டை கிரீஸும் மறக்க வேண்டாம்.