ஆறு வருடமாகக் காயில் சுற்றியதில் தெரிந்துகொண்டது

கருகிய பஞ்சின் புகை ஒருமுறை தொண்டைக்குள் போய்விட்டால் அன்று முழுக்க வேறெதுவும் ருசிக்காது. சிகரெட்டை விடுவதற்காக ஆறு வருடங்களுக்கு முன்பு வேப்பரைசர் பக்கம் வந்தேன்; நிகோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்கருவி அது. அந்தத் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்தான் காயில். தயாராக வரும் காயில்கள் வாரத்துக்கு ஒன்று தீர்ந்துகொண்டே இருந்ததால் நானே சுற்றத் தொடங்கினேன். முதல் இரண்டு மாதம் அந்தக் கருகலைத் திரும்பத் திரும்ப வாங்கினேன். ஒவ்வொரு முறையும் சந்தேகம் கம்பி மேல்தான். கன்தால் கம்பியை மாற்றி நிக்ரோம் கம்பி, அப்புறம் டைட்டானியம் என்று போனேன். தப்பு முழுக்கத் திரியில், அதாவது காயிலுக்குள் திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சில், இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அதனால் திரியிலிருந்தே தொடங்குகிறேன்.

பஞ்சுக்கு மாற்றாக நான் முதலில் போட்டது சிலிக்கா கயிறு. அது கண்ணாடி இழை போன்ற பொருள். காயில் தரும் சூட்டில் கருகவே கருகாது. பஞ்சை எரித்து எரித்து அலுத்தவனுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. ஆனால் திரவத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும். கொஞ்சம் நீளமாக இழுத்தால் நடுவில் வறண்டுவிடும், சுவையும் மங்கல். அதைவிட என்னை உறுத்தியது வேறு: கத்தரிக்கோலால் வெட்டும்போது முனையிலிருந்து பொடிப்பொடியாக இழைகள் உதிர்ந்தன. மூச்சுக்குள் போகும் காற்று அதன் வழியாகத்தானே வருகிறது என்று தோன்றிய அன்றே எடுத்துப் போட்டுவிட்டேன். ஸ்டீல் வலையைச் சுருட்டித் திரியாக்குவதையும் ஒரு மாதம் முயன்றேன். வலையை நெருப்பில் காட்டி மேலே ஆக்சைடு படலம் ஏற்ற வேண்டும். அந்தப் படலம்தான் காயிலுக்கும் வலைக்கும் நடுவே மின்சாரம் பாயாமல் தடுக்கிறது. அது ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் ஷார்ட் ஆகி அந்த ஒரு புள்ளி மட்டும் சிவக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு அது சரிப்படலாம். எனக்குச் சரிப்படவில்லை.

கடைசியில் பஞ்சுக்கே வந்து நின்றேன். வெளுக்காத, வாசனையோ எண்ணெயோ சேர்க்காத பஞ்சு. அதில் நான் கற்ற முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: பஞ்சு நனைந்தால் உப்பும். காய்ந்த நிலையில் "கச்சிதமாக இருக்கிறதே" என்று திணித்தால், நனைந்த பிறகு காயிலுக்குள் நெருக்கிக்கொண்டு திரவம் ஊர வழியே இருக்காது. வெளியே தொங்கும் வால் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும், உள்ளே கம்பியை ஒட்டிய இடம் மட்டும் கருகும். நான் கம்பியைச் சந்தேகப்பட்டதற்கும் இதுதான் காரணம். இப்போது பஞ்சை இழுத்துப் பார்த்துத்தான் அளவெடுக்கிறேன். காயில் வழியாக இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், ஆனால் காயில் கூடவே இழுபட்டு வளையக் கூடாது. குறைவாக வைத்தாலும் தொல்லைதான்: திரவம் உள்ளே தேங்கிச் சுடச்சுட வாயில் தெறிக்கும்.

ரேயானில் இது அப்படியே தலைகீழ். அதுவும் செல்லுலோஸ்தான், மரக்கூழிலிருந்து எடுத்து இழையாக்கியது. ஆனால் நனைந்தால் உப்பாது, படிந்து சுருங்கும். ஆகவே பஞ்சுக்குப் பழகிய கை, ரேயானை "இது ரொம்ப இறுக்கம்" என்று சொல்லும் அளவுக்கு நிரப்பினால்தான் சரியாக வரும். நான் பஞ்சு அளவிலேயே வைத்துவிட்டு ரேயான் மோசம் என்று ஒரு வருடம் ஒதுக்கி வைத்திருந்தேன். அது அநியாயம். கிளிசரின் அதிகமுள்ள கெட்டித் திரவத்துக்கு என் அனுபவத்தில் ரேயான் ஒரு படி மேல்.

சரி, கம்பிக்கு வருவோம். ஒரே காயிலை மூன்று கம்பியில் சுற்றிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். 0.4 மி.மீ. கம்பி, 3 மி.மீ. உள்விட்டம், 7 சுற்று, திருகில் மாட்டும் இரு முனைகளையும் (கால்கள்) சேர்த்துக் கம்பி நீளம் எட்டரை சென்டிமீட்டர். கன்தாலில் இது ஏறக்குறைய 1 ஓம். நிக்ரோம் 80இல் முக்கால் ஓம். 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அரை ஓம். சுத்த நிக்கலில் சுற்றினால் 0.1 ஓமுக்கும் கீழே போய்விடும். அரை ஓம் காயில், நிறைந்த 4.2 வோல்ட் பேட்டரியிலிருந்து 8.4 ஆம்பியர் இழுக்கும். நிக்கல் காயில் 60க்கும் மேல் கேட்கும். பாதுகாப்புச் சுற்று இல்லாத வெறும் குழாய்க் கருவியில் அதை மாட்டுவது பேட்டரியை ஷார்ட் செய்வதற்குச் சமம். புதுக் காயிலை ஓம் மீட்டரில் பார்க்காமல் நான் எந்தக் கருவியிலும் பொருத்துவதில்லை.

கன்தால் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது. விறைப்பாக நிற்கும், கொடுத்த வடிவத்தை விடாது, சூட்டைத் தாங்கும். புதிதாகச் சுற்றுபவருக்கு நான் கொடுப்பது இதைத்தான். நிக்ரோம் சீக்கிரம் சூடாகும், விரலுக்கு மிருதுவாக வளையும். ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு நிக்கல். நிக்கல் நகையோ வாட்ச் பட்டையோ பட்டால் தோல் தடிக்கும் ஆட்கள் அதை விட்டுவிடுவது நல்லது. டைட்டானியத்தை ஒருமுறை பஞ்சில்லாமல் சிவக்கக் காய்ச்சிவிட்டேன். மேலே வெள்ளையாகப் பொடி பூத்தது, டைட்டானியம் டையாக்சைடு. அந்தக் காயில் நேராகக் குப்பைக்குப் போனது, அதோடு அந்தக் கம்பியும் என் பெட்டியிலிருந்து போய்விட்டது.

நான் நான்கு வருடமாகப் பயன்படுத்துவது 316எல் ஸ்டீல். காரணம் வெப்பக் கட்டுப்பாடு. சூடு ஏறினால் கம்பியின் மின்தடை ஏறும். அந்த ஏற்றத்தை வைத்துத்தான் கருவி வெப்பத்தைக் கணிக்கிறது. கன்தாலில் ஏற்றம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் கருவிக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டீலில் 200 டிகிரி ஏறினால் தடை சுமார் 18 சதவீதம் கூடும். அது போதும். திரவம் தீர்ந்துவிட்டால் கருவி தானே சக்தியைக் குறைத்துவிடுகிறது, கருகல் வருவதே இல்லை. நான் 210 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை. அதற்கு மேல் பஞ்சே பழுக்கத் தொடங்குகிறது. வறண்ட திரியில் அளவுக்கு மீறிச் சூடாகும் கிளிசரின் அக்ரோலின் என்ற தொண்டையை அறுக்கும் பொருளாக உடைகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இதிலும் ஒருமுறை ஏமாந்தேன். பயன்படுத்தி முடித்த சூட்டோடு திரி மாற்றி, காயில் ஆறுவதற்குள் கருவியில் பொருத்தினேன். சூடான காயிலின் தடையையே கருவி குளிர்ந்த தடை என்று எடுத்துக்கொண்டது. அப்புறம் திரையில் 210 என்று காட்டினாலும் உண்மையில் அதற்கு வெகு மேலே ஓடியிருக்க வேண்டும். நான்கே இழுப்பில் பஞ்சு காபி நிறமாகிவிட்டது. இப்போது பத்து நிமிடம் காத்திருந்துதான் பொருத்துகிறேன். திருகு தளர்ந்திருந்தாலும் இதே குழப்பம் வரும், அதனால் கால்களை இறுக்கிவிட்டு மீண்டும் ஒருமுறை மீட்டரைப் பார்ப்பேன்.

பழைய காயிலைச் சிவக்கக் காய்ச்சிச் சுத்தம் செய்யும் பழக்கத்தையும் குறைத்துவிட்டேன். 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், பாட்டிலில் மிகக் குறைவாக இருந்த குரோமியம், நிக்கல், ஈயம் போன்றவை காயிலைத் தொட்ட பிறகு ஆவியில் கூடியிருப்பதைக் காட்டினார்கள். அதைப் படித்த பிறகு கம்பிக்கு அதிக ஆயுள் தருவதில் ஆசை போய்விட்டது. முதல்முறை மட்டும் மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி, சூடு ஒரு சீராகப் பரவுகிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகு வெந்நீரும் மெல்லிய பிரஷ்ஷும் மட்டுமே. மூன்று வாரத்தில் புதிது சுற்றுவேன். இனிப்பு சேர்த்த திரவம் என்றால் ஒரு வாரத்திலேயே கம்பி மேல் கரிக்கட்டியாகப் படிந்துவிடும். அதற்குக் கம்பியையோ பஞ்சையோ குறை சொல்லிப் பயனில்லை. புகைக்காதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். நிகோட்டின் விடாப்பிடியான பழக்கம், இந்த ஆவியும் வெறும் காற்று அல்ல.

இப்போது என் அட்டமைசரில், அதாவது காயிலும் திரியும் உட்காரும் பகுதியில், இருப்பது, சுற்றுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விட்ட 316எல் காயில், உள்ளே பஞ்சு. இரண்டு வாலையும் சாய்வாக வெட்டி, நுனியைச் சீப்பால் கோதி மெலிதாக்கி, திரவம் வரும் துளைகளை அடைக்காமல் தொட்டுக்கொண்டிருக்கும்படி விடுகிறேன். நிரப்பி ஐந்து நிமிடம் ஊறவிட்டுத்தான் முதல் இழுப்பு. அந்தக் கருகல் நாக்கில் பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.