கட்டணம் செலுத்துபவரிடம் நம் ரகசியத்தைச் சொல்லும் ஆலோசகர்: ஓர் எச்சரிக்கை

மனநல ஆலோசனைக்குச் செல்லவிருப்பவர்கள், அதிலும் குறிப்பாகக் குடும்பத்தில் வேறொருவர் கட்டணம் செலுத்தச் செல்பவர்கள், முதல் அமர்வுக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அமர்வுகளுக்கு அண்ணன்தான் கட்டணம் செலுத்தி வந்தார். மணவாழ்விலிருந்து விலகிவிடலாமா என்ற குழப்பத்தையும், அதை அண்ணனிடம் சொல்ல அஞ்சுவதையும் ஆலோசகரிடம் மட்டுமே பேசியிருந்தேன். சில நாட்களிலேயே அண்ணன், நான் அந்த அறையில் பயன்படுத்திய அதே சொற்களோடு என்னை விசாரித்தார். ‘முன்னேற்ற விவரம்’ என்ற பெயரில் ஆலோசகர் அவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் அனுப்பி வந்திருக்கிறார். அண்ணன் மீது எனக்கு வருத்தமில்லை. அண்ணன் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பது ஆலோசகருக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

நேரில் கேட்டபோது அவர் இரண்டு காரணங்கள் சொன்னார். பணம் கட்டுபவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்பது முதலாவது. ஆனால், ஆலோசனை பெறுபவர் அமர்வுக்கு வந்தாரா, எவ்வளவு செலுத்த வேண்டும் என்பவற்றைக் கட்டணம் செலுத்துபவர் அறியலாமே தவிர, என்ன பேசப்பட்டது என்பதை ஆலோசனை பெறுபவரின் ஒப்புதலின்றி அறிய முடியாது. அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை போன்ற தொழில்நெறி ஆவணங்கள், தகவலை வெளியிட ஒப்புதலோ, சட்டத்திலும் நெறியிலும் தக்க காரணமோ வேண்டும் என்றே சொல்கின்றன. நான் கையெழுத்திட்ட படிவத்தில் அண்ணனின் பெயரே இல்லை.

இரண்டாவது காரணம் கூடுதல் சாமர்த்தியமானது. ஆபத்து இருந்தால் எச்சரிக்கும் கடமை தமக்கு உண்டு என்று கூறி, கலிஃபோர்னியாவின் டாரசாஃப் வழக்கை மேற்கோள் காட்டினார். அந்த வழக்கை நானும் படித்துப் பார்த்தேன். ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சிகிச்சையாளரிடம் சொல்லிவிட்டு, 1969இல் ஒருவர் அப்பெண்ணைக் கொன்றே விட்டார். ஆபத்துக்குள்ளாகும் நபரைக் காக்க நியாயமான கவனம் எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. உயிருக்கு வரும் ஆபத்துக்காக உருவான அந்த விதிவிலக்கை, மணமுறிவைப் பற்றி யோசிக்கும் ஒருவரின் குழப்பத்துக்குப் பொருத்துவது அறியாமையா, தந்திரமா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. மெய்யாகவே அத்தகைய ஆபத்து இருந்தாலும், தேவையான அளவு தகவலை மட்டுமே வெளியிட வேண்டும். இயன்றவரை முன்கூட்டியே ஆலோசனை பெறுபவரிடம் அதைத் தெரிவித்தாக வேண்டும்.

அதன்பின் நடந்தது இதைவிட மோசம். கேள்வி கேட்டதற்காகவே, ‘நம்பிக்கை போய்விட்டது, இனித் தொடர இயலாது’ என ஒரு குறுஞ்செய்தியில் உறவை முறித்துக்கொண்டார். ஆலோசனையை நிறுத்த அவருக்கு உரிமை உண்டு. ஆனால் வேறு ஆலோசகரைப் பரிந்துரைக்காமல், இடையில் என்ன செய்ய வேண்டும் என்றுகூடச் சொல்லாமல் விடுவது கைவிடல் எனப்படும். நெறிமுறை அதைத் தடை செய்கிறது. என் பதிவேட்டின் பிரதியைக் கேட்டதற்கு, அது தம் சொந்தக் குறிப்பு என்று மறுத்தார். அதே நெறிமுறையின்படி, ஆலோசனை பெறுபவருக்கு நியாயமான அளவில் தம் பதிவுகளைப் பார்க்க வழி செய்ய வேண்டும். பார்ப்பதால் அவருக்கே தீங்கு நேரும் என்பதற்கு வலுவான சான்று இருந்தால்தான் மறுக்கலாம்.

ஆகவே, முதல் அமர்விலேயே சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தெந்தச் சூழலில் ரகசியம் உடையும், கட்டணம் செலுத்துபவருக்கு என்ன தெரிவிக்கப்படும், அமர்வு பதிவு செய்யப்படுகிறதா, குறிப்புகள் எங்கே எவ்வளவு காலம் இருக்கும், ஆலோசகர் பயிற்சியிலிருப்பவரா, அப்படியானால் மேற்பார்வையாளர் யார். ‘எல்லாம் ரகசியம்தான்’ என்று ஒரே வரியில் முடிப்பவரிடம் நான் இனிப் போகமாட்டேன். விதிவிலக்குகள் இருக்கின்றன என்று சொல்பவரே விதியை அறிந்தவர்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், செய்திகளையும் கட்டண ரசீதுகளையும் ஒப்புதல் படிவத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். தொழில்சங்கத்தின் நெறிமுறைக் குழு தன் உறுப்பினரை மட்டுமே விசாரிக்கும். கடுமையான தண்டனை உறுப்பினர் நீக்கம்தான். உரிமத்தை ரத்து செய்வது உரிமம் வழங்கும் அமைப்பின் அதிகாரம். இழப்பீடு வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும். நான் முதல் இரண்டு இடங்களிலும் எழுத்தில் புகார் அளித்திருக்கிறேன். விசாரணை முடியும்வரை அவர் பெயரை வெளியிடப் போவதில்லை.