கடலோர வீட்டில் ஆறு வருச இன்வெர்ட்டர் ஏசி: என் அனுபவம்

2019 மார்ச்சில் அம்மாவின் அறைக்கு 12,000 பிடியு இன்வெர்ட்டர் ஏசி பூட்டினோம். வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர மரைன் டிரைவிலிருந்து இரண்டு நிமிட நடை. மேல்மாடி, அதற்கு மேலே வெறும் சிலாப்தான். ஆறு வருசம் தாண்டிவிட்டது, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் டொரொன்டோவில் இருக்கும் அண்ணா, "நிலத்துக்குள்ள பைப் புதைக்கிற ஹீட் பம்ப் போடன், எங்கட வீட்டில அதுதான்" என்றார். அவர் வீட்டில் அது அருமையாக வேலை செய்கிறது. அங்கே சில மீற்றர் ஆழத்துக்குக் கீழே மண் வருசம் முழுக்க ஏறக்குறைய 10 டிகிரியில் நிற்கும். குளிர்காலத்தில் அந்தச் சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடும், கோடையில் வீட்டுச் சூட்டை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும். கொழும்பில் மண்ணே 27, 28 டிகிரி, இரவில் வெளிக்காற்றும் கிட்டத்தட்ட அதேதான். போதாததற்கு இங்கே குளிர்காலம் கிடையாது, அதனால் மண்ணுக்குள் தள்ளும் சூட்டைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் பைப்பைச் சுற்றி வருசா வருசம் சூடு ஏறிக்கொண்டே போகும். நம் சின்ன முற்றத்தில் அவ்வளவு செலவழித்துத் துளை போட நியாயம் தெரியவில்லை, விட்டுவிட்டோம்.

சரி, ஏசிக்கு வருகிறேன். இரண்டு வருசம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வருசம் குளிர் குறைந்தது, கேஸ் அடித்தோம், இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே கதை. திருத்த வந்த தம்பி வெளியே இருந்த பெட்டியின் பின்பக்கத்தை விரலால் மெல்லத் தட்டினார். அலுமினியத் தகடுகள் வெள்ளை மாவாகக் கொட்டின. திருகாணி எல்லாம் கறள். பூட்டியவர்கள் அதைக் கடல் பார்த்த சுவரில் வைத்திருந்தார்கள், உப்புக்காற்று நேராக அடிக்கிற இடம். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த சுவரில் வைத்திருப்போமே!

பிறகு உப்புக்குத் தாங்கும் பூச்சுள்ள கொயில் போட்டு, பெட்டியைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினோம். இரண்டு கிழமைக்கு ஒருதரம் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால், பிரஷர் இல்லாமல், நானே கழுவுகிறேன். அதற்குப் பிறகு கேஸ் குறையவே இல்லை.

கரண்ட் பில்தான் அடுத்த அடி. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னுமொரு 66 வீதம் கட்டணம் ஏறியதும் ஏசியைத் தொடவே அம்மா பயந்தார். அப்போதுதான் சிலாப்பைக் கவனித்தேன். ஏப்ரல் முதல் கிழமைகளில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும், பகல் முழுக்கக் குடித்த வெயிலை சிலாப் இரவு பத்து மணிக்கும் அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தோம், கதவடி இடுக்குக்கு ரப்பர் பட்டி ஒட்டினோம். எட்டு மணி நேர இரவுக்கு ஐந்து யூனிட் இழுத்தது மூன்றரைக்கு வந்தது. மீற்றர் பார்த்துக் கொப்பியில் எழுதிய கணக்கு இது.

இப்போது 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுகிறோம், விடியப்புறம் அம்மா போர்வை தேடுகிறார். அடுத்து என் அறைக்கும் ஒன்று வாங்கப்போகிறேன். இந்த முறை விலை கேட்க முன்னமே, பெட்டி வைக்கும் சுவரைக் காட்டிவிடுவேன்.