அரக்கன் உலவும் ஊரில் ஒரு தாயாக: ‘கிட்ஸ் ஆன் பைக்ஸ்’ மேசை விளையாட்டு

ஊருக்கு வெளியே ஏதோ ஒன்று உலவுகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். பெரியவர்களோ, இருட்டிய பின் வெளியே போகக் கூடாது என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேச மறுக்கிறார்கள். இப்படிப்பட்ட கதையைப் பார்த்து ரசிப்பது வேறு, அதற்குள் ஒரு பாத்திரமாக இருந்து முடிவெடுப்பது வேறு. ஜொனாதன் கில்மோர், டக் லெவன்டோவ்ஸ்கி ஆகிய இருவரும் உருவாக்கி 2018இல் வெளிவந்த ‘கிட்ஸ் ஆன் பைக்ஸ்’ அந்த இரண்டாவது அனுபவத்தைத் தருகிறது. நான் ஆடியது அதன் முதற்பதிப்பு.

பலகையோ காய்களோ இதில் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். கேமரா வைத்த கைப்பேசி எல்லோர் கையிலும் வந்து சேராத காலத்துச் சிற்றூர்தான் களம். அந்த ஊரை ஆடுபவர்களே கூடிப் பேசி உருவாக்க வேண்டும், ஊரில் உலவும் வதந்திகளையும் அவர்களே சொல்ல வேண்டும் என்பது மிக நல்ல ஏற்பாடு. தான் கிளப்பிய வதந்தி நள்ளிரவில் தன் முன்னாலேயே வந்து நிற்கும்போது உண்டாகும் அச்சத்தை, அச்சிட்ட கதை எதுவும் தந்துவிட முடியாது.

பாத்திரம் சிறுவரா, பதின்பருவத்தினரா, பெரியவரா என்பதை முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பதின்பருவத்தினருக்கு ‘அடங்காமை’ என்னும் பண்பு இயல்பாகவே வந்துவிடுகிறது. பெரியவர்களின் மிரட்டலுக்குப் பணியாமல் நிற்க அது கைகொடுக்கிறது. வீட்டில் குறையாகப் பேசப்படும் ஒன்றை இந்த விளையாட்டு வலிமையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆறு திறன்களுக்கு ஆறு வகைப் பகடைகள் உண்டு. பலவீனமான திறனுக்கு நான்கு முகப் பகடை, வலுவான திறனுக்கு இருபது முகப் பகடை. பகடையின் உச்ச எண் விழுந்தால் மீண்டும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். இருபது முகப் பகடையில் இருபதில் ஒரு முறை வாய்க்கும் அந்த அதிர்ஷ்டம், நான்கு முகப் பகடையில் நான்கில் ஒரு முறை வாய்க்கிறது. ஆகவே எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைதான் அடிக்கடி எல்லோரையும் திகைக்க வைக்கிறது.

எங்கள் ஆட்டத்தில் பதினைந்து வயதுப் பெண்ணின் தாயாக நான் ஆடினேன். காணாமற்போன தோழியைத் தேடி அவள் இரவில் கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போக வேண்டும். அதற்கு என்னிடம் பொய் சொல்லித் தப்ப வேண்டும். ஒன்பது எடுத்தால் நான் நம்பிவிடுவேன் என்று கதைநடத்துநர் அறிவித்தார். பிறரைக் கவரும் திறனுக்கு அவளிடம் இருந்தது நான்கு முகப் பகடை மட்டுமே. ஒன்பதைத் தொட பதினாறில் ஒரு வாய்ப்புதான். நான்கு விழுந்தது, மறுபடியும் நான்கு, பிறகு இரண்டு. அவள் சொல்வது பொய்யென்று ஆடுபவராக எனக்குத் தெரியும்; ஆனால் நம்பிவிட்ட தாயாக, “கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு போம்மா, வெளியே குளிர்” என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தோற்ற ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வில்லை (டோக்கன்) கிடைக்கும். பிற்பாடு ஒரு வில்லையைக் கொடுத்து எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். காவலரிடமும் மருத்துவரிடமும் பள்ளி முதல்வரிடமும் உண்மையைக் கேட்டு மூன்று முறை தோற்றதில் என்னிடம் மூன்று வில்லைகள் சேர்ந்திருந்தன. பதற்றத்தில் எடுக்கும் முடிவுகளில் பிறர் உதவ முடியாது, திட்டமிட்ட செயலில் உதவலாம் என்பது விதி. கல்குவாரியில் மகளைக் கண்டுபிடித்து, இருவரும் சேர்ந்து தப்பிக்கும் வழியை யோசித்தபோது, அந்த மூன்றையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அரக்கனைப் பற்றி இன்று எனக்கு அதிகம் நினைவில்லை. அந்த வில்லைகள் மேசையில் நகர்ந்தது நன்றாக நினைவிருக்கிறது.

பிள்ளைகளை எண்ணிப் பெரியவர்கள் கொள்ளும் அச்சம் வெறும் கற்பனைச் சரக்கன்று. இதே வகையில் 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று 1980களில் அமெரிக்கப் பெற்றோர் சிலர் அமைப்பு தொடங்கியே போராடினார்கள்; அதன் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு பேய், பிசாசு என்னும் பெயர்களையே தவிர்த்தது. அரண்டவன் கண்ணுக்குப் பகடையும் பேய்தான்.

குறைகளும் உண்டு. அரக்கர்களின் பட்டியல் எதுவும் நூலில் இல்லாததால் கதைநடத்துநரின் தோளில் பெரும் சுமை விழுகிறது. அடிபடும்போது குறையும் உயிர்ப்புள்ளிகள் இல்லாத சண்டை, கணக்கிட்டு மோத விரும்புபவர்களுக்கு நிறைவளிக்காது. அற்புத ஆற்றல் கொண்ட ஒரு பாத்திரத்தை எல்லோரும் பங்கிட்டு ஆடும் ஏற்பாடு புதுமையானதுதான் என்றாலும், எங்களுக்கு அது அடிக்கடி கதையை நிறுத்திவைத்தது.

எல்லோரும் பதின்பருவத்தினராகவே ஆடினால், பெரியவர்கள் தடுப்பதற்கென்றே நிற்கும் பொம்மைகளாகிவிடுகிறார்கள். ஒருவராவது பெரியவராக ஆடுவது அவசியம் என்பதே என் அழுத்தமான பரிந்துரை. பகடைகள் நூலுடன் வருவதில்லை, ஆறு வகையிலும் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த ஆட்டத்திற்குக் கூடியபோது, என் மகளாக ஆடியவர் வேறு யாரும் எடுப்பதற்கு முன்பே காவலரின் பாத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.